எல்லைப்புற இசையும் கைப்பேசிச் சுருதியும்

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் மாலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். விளக்கேற்றியபின் குழந்தை பாய் விரித்து அமர்கிறது. முற்காலத்தில் அறையின் மூலையில் உறையிட்டுச் சாத்திய தம்பூரா ஒன்று இருக்கும். அஃதில்லையேல் துருத்திச் சுருதிப்பெட்டியேனும் இருக்கும். இன்றோ, ஒரு கைப்பேசியைத் தரையில் வைத்து அதன் திரையில் ஐந்தரைக் கட்டை என்று குறித்துவிட்டால் தம்பூராவின் நாதம் எழுகிறது. மற்றொரு கைப்பேசியில், பாலக்காட்டிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஆசிரியர் தோன்றிப் பாடம் சொல்லுகிறார்.

நம் குடியிருப்பில், அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு பயின்று வந்தாள். சில மாதங்கள் சென்றபின், "சுருதியை விட்டுப் பாடுகிறாயே அம்மா, தம்பூராவைப் போட்டுக்கொள்ளவில்லையா?" என்று ஆசிரியர் அடிக்கடி கடிந்துகொள்ளலானார். தம்பூராவோ அவளருகே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. குழந்தை அழுதாள். பெற்றோர் பாட்டையே நிறுத்திவிடலாமா என்று எண்ணினர். பிழை எவருடையது? இதற்கு விடை காணவேண்டுமாயின், ஒரு வட்டாரத்தின் இசை மேடையிலிருந்து ஒலிப்பதிவுக்கும், ஒலிப்பதிவிலிருந்து செயலிக்கும் எவ்வாறு பயணம் செய்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் நலம். அதற்கு ஏற்ற நிலப்பகுதி, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறமாகும்.

கணவாயும் மலையும்

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சுவர்போல் நிற்கிறது. பாலக்காட்டுக்கருகே மட்டும் அச்சுவரில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி அமைந்துள்ளது. அக்கணவாய் வழியே காற்று வந்தது. வணிகரும் நெசவாளரும் வந்தனர். தஞ்சைத் தரணியிலிருந்து அந்தணர் குடும்பங்கள் வந்து கல்பாத்தி முதலிய கிராமங்களில் குடியேறின. பாலக்காடு உள்ளிட்ட மலபார்ப் பகுதி 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை சென்னை மாநிலத்தின் பகுதியாகவே இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லைக்கோடு வரையப்பட்டது. பாட்டுக்கு அக்கோடு தெரியவில்லை.

பாலக்காட்டுப் பகுதியின் பகவதி கோயில்களில் நடைபெறும் தோல்பாவைக் கூத்து இதற்குத் தக்க சான்றாகும். தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்குகளின் ஒளியில், திரைக்குப் பின்னிருந்து புலவர்கள் பாவைகளை ஆட்டுகின்றனர். அவர்கள் பாடிப் பொருள் விரிப்பன கம்பராமாயணப் பாடல்கள். மலையாள நாட்டுக் கோயிலில் இரவெல்லாம் கம்பனின் தமிழ் ஒலிப்பதைக் கேட்கும்போது உண்டாகும் வியப்பு எளிதில் அடங்குவதன்று. இக்கலையில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டுள்ள குடும்பத்தைச் சேர்ந்த கே. கே. இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தெற்கே இடுக்கி மாவட்டத்தில் நிலைமை வேறு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில், தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கும் உழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முடன் தெம்மாங்கையும் கும்மியையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தன. மலைக்காடுகளில் வாழும் முதுவர், மதுரையிலிருந்து மலையேறியவர் தம் முன்னோர் என்று கூறுகின்றனர். அவர்தம் பேச்சும் தமிழோடு நெருங்கியது. தேவிகுளத்தில் அமைந்த வானொலி நிலையம், மலையாளத்தோடு தமிழ் நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பி வந்துள்ளது. ஆயினும் தோட்டத்துப் பாடகர் ஒருவர் தம் பாட்டை முறையாகப் பதிவு செய்ய வேண்டுமாயின் மலையிறங்கிக் கொச்சிக்கோ மதுரைக்கோ செல்லவேண்டியதாய் இருந்தது. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் செலுத்தி, எவர் செல்வர்?

மேடையும் ஒலிபெருக்கியும்

பாலக்காடு வட்டாரத்தின் பெயரை நாடெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் செம்பை வைத்தியநாத பாகவதர். 1896இல் பிறந்து 1974 அக்டோபர் 16 அன்று மறைந்த இப்பெரியார், பெரும் சபைகளில் பாடிப் புகழெய்தியபின்னரும் தம் கிராமத்து ஏகாதசி விழாவை விட்டாரில்லை. உள்ளூர்க் கோயிலில், உள்ளூர் மக்களின் முன்னே, பெரிய வித்வான்களும் இளைஞர்களும் ஒருங்கே பாடும் விழா அது. 1951இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் அவர். அவரிடம் பயின்றவர்களுள் கே. ஜே. யேசுதாஸ், டி. வி. கோபாலகிருஷ்ணன் முதலியோர் உளர். ஒலிபெருக்கி பரவாத காலத்திலேயே கடைசி வரிசைக்கும் எட்டும் வண்மையுடையது அவர் குரல்.

செம்பையின் கச்சேரிகளுக்கு இளம் வயதிலேயே வாசித்துப் புகழ்பெற்றவர் பாலக்காடு மணி ஐயர் (1912–1981). மிருதங்கக் கலைஞர்களுள் சங்கீத கலாநிதி விருதை முதன்முதல் பெற்றவர் அவரே; ஆண்டு 1966. அவர் ஒரு காலத்தில், ஒலிபெருக்கி வைத்த கச்சேரிக்கு வாசிப்பதில்லை என்று உறுதியாக நின்றார். தோலின் இயற்கை நாதத்தை அக்கருவி மாற்றிவிடுகிறது என்பது அவர் கருத்து. அவரைப் பிடிவாதக்காரர் என்றவரும் உண்டு. ஆனால் அவர் எழுப்பிய வினா இன்றும் தீரவில்லை. கருவி நம் ஒலியைப் பெரிதாக்கித் தருகிறதா, அல்லது வேறொன்றாக மாற்றித் தருகிறதா என்பதே அவ்வினா.

மேடைக்கு அடுத்த படி இசைத்தட்டு. இந்தியாவில் கல்கத்தாவில் 1902இல் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் பதிவானது முதல் இத்தொழில் வளர்ந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இடமுண்டு. அரைமணி நேரம் விரித்துப் பாடும் இராகத்தை ஒரு கீற்றாக ஆக்கவேண்டிய கட்டாயம் பாடகர்க்கு நேர்ந்தது. செம்பை போன்றோர் இதற்கும் இசைந்து தட்டுக்களில் பாடினர். பின்னர் வானொலி வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் ஒலிபரப்பைத் தொடங்கின. கோழிக்கோட்டு நிலையம் 1950இல் அமைந்தது. தட்டின் மூன்று நிமிடத்தை வானொலி விரித்தது; கிராமத்துத் திண்ணையில் அமர்ந்தபடியே கச்சேரி கேட்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

ஆயினும் தட்டு அச்சிட நிறுவனம் வேண்டும். வானொலியில் பாடக் குரல் தேர்வு வேண்டும். இவ்விரு வாயில்களுக்கும் வெளியே நின்ற பாடகர் எண்ணற்றோர்.

அட்டப்பாடியின் குரல்

அத்தகையோருள் ஒருவரின் வரலாறு அண்மையில் நாடறிந்ததாயிற்று. பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கில், கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்தது அட்டப்பாடி. பவானி ஆறு அவ்வழியே கிழக்கு நோக்கித் தமிழகத்திற்குப் பாய்கிறது. இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடியினர் அங்கு வாழ்கின்றனர். இருளரின் மொழி தமிழுக்கு மிக அணுக்கமானது. செவிகொடுத்துக் கேட்டால் கொங்கு நாட்டார்க்குப் பாதிக்குமேல் விளங்கும். பொறை, தவில், கொகால் என்னும் குழல், ஜால்ரா ஆகியவை அவர்தம் இசைக்கருவிகள். விதைப்புக்கும் அறுவடைக்கும், மணத்துக்கும் மரணத்துக்கும் பாட்டும் ஆட்டமும் உண்டு.

அங்கே மாடு மேய்த்தும் நிலத்தில் உழைத்தும் வாழ்ந்த நஞ்சியம்மா, ஆசாத் கலா சங்கம் என்னும் உள்ளூர்க் கலைக்குழுவில் பாடிவந்தார். ஊர்விழாக்களே அவர் மேடை. இயக்குநர் சச்சி தாம் எடுத்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளப் படத்திற்கு அக்குரலைத் தேடிக்கொண்டார். நஞ்சியம்மா தாமே இயற்றிய இருளர் மொழிப் பாடலைப் பாடினார். ஜேக்ஸ் பிஜாய் அதற்கு இசை சேர்த்தார். 2020 பிப்ரவரியில் படம் வெளியாகும் முன்னரே இணையத்தின் வாயிலாக அப்பாட்டு இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் சச்சி காலமானார். 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், மறைந்த சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருதும், நஞ்சியம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகி விருதும் கிடைத்தன. செப்டம்பர் 30 அன்று தில்லியில் குடியரசுத் தலைவர் கையால் அவர் விருது பெற்றபோது அவையோர் எழுந்து நின்று கையொலி செய்தனர்.

இவ்விருதை எல்லோரும் ஒருமனமாக ஏற்றாரல்லர். கொடுத்த சுருதியில் பிசகாமல் பாடுவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி இல்லாதவர்க்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறையிலேயே சிலர் வினவினர். வேறு பலர், உள்ளத்திலிருந்து எழும் பாட்டுக்கு ஈடில்லை என்று மறுத்துரைத்தனர். இருதரப்பையும் பொறுமையாக ஆராய்ந்தால் ஒன்று புலனாகும். பயின்ற பாடகர்க்குச் சுருதி முதலில்; பாட்டு அதில் வந்து அமர்கிறது. மலைவாழ் மக்களுக்குப் பாட்டு முதலில். பாடுவோர் தமக்கு இயல்பான இடத்தில் எடுக்கிறார், கொட்டும் ஆட்டமும் அதனைத் தொடர்கின்றன. இரண்டும் ஒழுங்கே. ஓர் ஒழுங்கின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கும்போதுதான் குறை தோன்றுகிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இனிக் கைப்பேசிக்கு வருவோம்.

ஒலி எண்ணாகும் விதம்

இன்றைய ஒலிப்பதிவு ஒலியை எண்களாக மாற்றுகிறது. குறுந்தகட்டுத் தரத்தில், வினாடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளந்து எழுதப்படுகிறது. இவ்வாறு இருசெவிக்குமாகப் பதிவு செய்தால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் வேண்டும். இணையத்தில் அனுப்ப அது பெருஞ்சுமை. ஆகவே சுருக்கும் முறைகள் வந்தன. எம்.பி.3 என்னும் முறையில், ஓர் உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லொலிகளைச் செவி எப்படியும் கேளாது என்று கணித்து, அவற்றைக் குறைத்து எழுதுகின்றனர். பொதுவாக வழங்கும் 128 கிலோபிட் அளவில் ஒரு நிமிடப் பாட்டு ஒரு மெகாபைட்டில் அடங்கிவிடும்.

இச்சுருக்கம் எல்லா ஒலிக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை. மிகவும் சுருக்கினால் முதலில் கெடுவது ஜால்ராவின் கணீரென்ற கூர்மை. அது தண்ணீரில் நனைந்தாற்போல் குழைந்துவிடும். கஞ்சிரா, கடம் ஆகியவற்றின் நுண்ணிய தட்டும் மழுங்கும். உள்ளூர்க் கலைஞர் தம் பாட்டைப் பதிவு செய்யும்போது முதலில் சுருக்காத வடிவில் பதித்துப் பாதுகாத்தல் வேண்டும் என்று வல்லுநர் கூறுவது இதனாலேயே. சுருக்கியதிலிருந்து இழந்ததை மீட்க முடியாது.

தம்பூராவின் கதை இதனினும் நுட்பமானது. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்னும் நான்கு கம்பிகளையும் மீட்டும்போது, குதிரையின்மேல் கம்பிக்கு அடியில் செருகிய நூலால் மேலொலிகள் பல பெருகி எழுகின்றன. மந்தரத்தை மீட்டினால் அதனின்று அந்தர காந்தாரம் தானே எழுவதைப் பழகிய செவி உணரும். 1970களின் இறுதியில், பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான பெங்களூரின் ஜி. ராஜ்நாராயண் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். பயணம் செய்யும் வித்வான்களுக்கு அது பெரும் உதவியாயிற்று. அப்பெட்டியின் வழித்தோன்றலே இன்றைய கைப்பேசிச் செயலி. அசல் தம்பூராவின் சில வினாடி நாதத்தைப் பதித்து, இணைப்புத் தெரியாவண்ணம் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது ஒருவகை; கணக்கினாலேயே நாதத்தைப் படைப்பது மற்றொரு வகை.

ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு மந்தரக் கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 104 முறை அதிரும். கைப்பேசியின் சிறிய ஒலிவாய்க்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஆற்றல் இல்லை. ஆயினும் மேலொலிகளைக் கொண்டு நம் செவியே விடுபட்ட அடியொலியை ஊகித்துக்கொள்கிறது. பெரியவர்களின் பழகிய செவிக்கு இஃது எளிது. பயிலத் தொடங்கும் குழந்தைக்குக் கடினம். நல்ல ஒலிபெருக்கி ஒன்றைச் செயலியோடு இணைத்தால் இத்தடை நீங்கும்.

சிறுமியின் தம்பூரா மறைந்த மர்மம்

இப்போது நம் அண்டை வீட்டுக்குத் திரும்புவோம். காணொளி அழைப்புக்கான மென்பொருள்கள் யாவும் பேச்சுக்காக அமைந்தவை. பின்னணியில் மின்விசிறியோ குளிர்சாதனமோ இடைவிடாது ஒலித்தால் அதனை இரைச்சல் என்று கருதி நீக்கிவிடுகின்றன. இடைவிடாமல் ஒரே நிலையில் ஒலிப்பது எதுவோ அஃதெல்லாம் அவற்றுக்கு இரைச்சலே. தம்பூராவின் பெருமையோ இடைவிடாமல் ஒரே நிலையில் ஒலிப்பதுதான்! ஆகவே சிறுமியின் அருகே முழங்கிய தம்பூரா ஆசிரியரின் செவிக்குச் செல்லவேயில்லை. அவள் நீட்டிப் பாடிய கார்வைகளும் இடையிடையே தேய்ந்து, சுருதி சேராதனபோல் கேட்டன. பல மென்பொருள்களில் இச்சுத்திகரிப்பை நிறுத்திவைக்கும் வசதி உண்டு. அதனை நிறுத்தியவுடன் ஆசிரியரின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு நாளும் குழந்தையைக் கோபித்துக்கொண்டேனே" என்று அவர் வருந்தியதை நாம் நேரில் கேட்டோம்.

மற்றொரு தடையும் உண்டு. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் கடக்க வினாடியில் ஏறத்தாழ முப்பத்து நான்கில் ஒரு பங்கு ஆகும். இச்சிறு தாமதத்தையே தாளத்தில் உணரலாம். இணைய அழைப்பிலோ வினாடியில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தாமதம் நேர்கிறது. ஆகவே ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து பாடுவது இயலாது. ஆசிரியர் பாடி நிறுத்த, மாணவி திருப்பிப் பாடுவதே ஏற்ற முறை. குருவின் குரலோடு தன் குரலை ஒட்டிப் பாடும் அனுபவத்தை இத்தகைய அழைப்புகள் தருவதில்லை. விடுமுறையில் ஊர் செல்லும்போது சில நாளேனும் ஆசிரியரின் எதிரில் அமர்ந்து பாட வேண்டிய தேவை இதனால் எழுகிறது.

பாடியவரின் உரிமை

பாட்டு எளிதில் பதிவாகி எளிதில் பரவும் காலத்தில், பாடியவர்க்கு உரியது என்ன என்னும் வினா எழுவது இயல்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இடம்பெற்றனர். பாடுவோர்க்கென உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. பின்னர் அவ்வுரிமையின் காலம் 50 ஆண்டுகளாக உயர்ந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயனுக்காக நிகழ்ச்சி பயன்படும்போது நிகழ்த்துவோர்க்குப் பங்குத்தொகை உண்டென்றும், தம் பெயர் குறிப்பிடப்பெறும் உரிமை உண்டென்றும் வகுத்தது.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு, இச்சட்டம் 'நிகழ்த்துநர்' என்பதற்குத் தரும் விளக்கத்தைத் தமிழாக்க முற்பட்டபோது புன்முறுவல் தோன்றியது உண்டு. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், ஆடுவோர், கழைக்கூத்தாடி, செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் யாவரும் அப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றனர். சட்டத்தின் முன்னே சபையில் பாடும் வித்வானும் சந்தையில் மகுடி ஊதுபவரும் ஒரே வரிசை. நஞ்சியம்மாவும் அவ்வரிசையினரே.

ஆனால் ஒரு குறை எஞ்சியுள்ளது. தனியொருவர் இயற்றிய பாட்டுக்கு ஆசிரியர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஊரார் பாடிவரும் பாட்டுக்கு ஆசிரியர் எவர்? அத்தகைய பாட்டைக் கேட்டு, கருவியிசை சேர்த்து வெளியிடும் ஒருவர் தம் புதிய அமைப்புக்கு உரிமை கோரலாம். அப்பாட்டைக் காத்துவந்த ஊருக்கு அவ்வாறு கோரச் சட்டத்தில் தெளிவான வழியில்லை. பாடியவரின் உரிமையும் அவர் பாடிய அந்த ஒரு நிகழ்வுக்கே உரியது. பதிவில் பாடியவர் பெயரும் ஊர்ப்பெயரும் இல்லையெனில் அவ்வுரிமையும் கைக்கு எட்டாது. பெயரற்ற ஒலிக்கோப்பாக மலையிறங்கி வரும் பாட்டு, சில கைகள் மாறியபின் எவருடையதோ ஆகிவிடுகிறது.

நம்மால் ஆகக்கூடியது

வெளிமாநிலத்தில் வாழும் நம்மில் பலர்க்கு, ஊரில் பாடத் தெரிந்த பாட்டி ஒருவரோ அத்தை ஒருவரோ உளர். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவரது தாலாட்டையும் நடவுப்பாட்டையும் பதிவு செய்யலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாய், தலையணை, துணிமணி நிறைந்த அறையில் அமரச் செய்தால் எதிரொலி குறையும். கைப்பேசியை வாயிலிருந்து இரண்டு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். சுருதிச் செயலியைப் போட்டு அதற்குள் பாடச் சொல்ல வேண்டா. அவர் எடுக்கும் இடமே அப்பாட்டின் சுருதி. பதிவின் தொடக்கத்தில் அவரையே தம் பெயரையும் ஊரையும் நாளையும், அப்பாட்டை எவரிடம் கற்றார் என்பதையும் சொல்லச் செய்தல் வேண்டும். அதனைப் பிறர்க்கு அனுப்பலாமா என்று அவரையே கேட்டு, அவ்விடையையும் உடன் பதித்துக்கொள்வது முறை.

அதுபோன்றே, உள்ளூர்க் கலைஞர் ஒருவரின் பாட்டை நாம் விரும்பிக் கேட்டால், அவரது பெயரோடு வெளிவந்த பதிவையே பிறர்க்கு அனுப்புவோம். நம் சங்க ஆண்டுவிழாவுக்கு எல்லைப்புறக் கலைக்குழு ஒன்றை அழைத்து, வழிச்செலவும் ஊதியமும் மனமுவந்து அளிப்போம். கைப்பேசியில் பாட்டு முடிந்ததும் விரல் அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது. எதிரில் நின்று பாடுபவரோ நம் முகத்தைக் கண்டு மேலும் ஒரு பாட்டு எடுக்கிறார்.

அண்டை வீட்டுச் சிறுமி இப்போது வர்ணம் பாடுகிறாள். பூஜை விடுமுறைக்குப் பாலக்காடு செல்லப்போவதாகவும், ஆசிரியர் வீட்டு மரத் தம்பூராவைத் தானே மீட்டலாம் என்று அவர் சொல்லியிருப்பதாகவும் நேற்று மாலை மாடிப்படியில் நம்மை நிறுத்திக் கூறினாள்.